டப்பாவுக்குள் அடித்த போன்

மார்ச் 2

அக்காவுக்கு,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது எட்டாம் வகுப்பில் ஒரு விடுப்பு விண்ணப்பம். அதையும் நீதான் எழுதினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இப்போது எல்லாம் தலைகீழ். எழுதுவது நான், கையெழுத்துப் போட வேண்டியது நீ.

உன் போன் மூன்று மாதமாக அணைந்தே கிடக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் தொழிற்பயிற்சிக் கூடத்தின் விலாசத்தை உன் சிநேகிதியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். அவள் கொடுக்கும்போதே, "உங்க அக்கா என்னைத் திட்டினா நீதான் பொறுப்பு" என்றாள். சரி, பொறுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பெனியின் உரிமம் மார்ச் 31-ம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், "எங்கள் ஆட்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும்போது பாதுகாப்பாக வேலை செய்கிறார்கள்" என்று எஞ்சினியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எஞ்சினியர் நீ. நான் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவன். வேறு ஆளைத் தேடாமல் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். நவம்பரில் நடந்ததைச் சொன்னேன். மூன்று பேருமே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கையெழுத்து இல்லாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஷட்டரை இறக்கிவிட்டுப் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நம் இருவரையும் சேர்த்தால் பதிமூன்று.

என்னைப் பற்றிக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இப்போதும் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். எழுந்து, இன்றைக்குச் செய்ய வேண்டிய முக்கியமான மூன்று வேலைகள் என்று தலைப்பு எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் போட்டுவிடுகிறேன். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் வருவதில்லை. ஏழு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒன்றாம் எண்ணுக்கு நேரே "அக்கா" என்று எழுதினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வரி போதும், எழுது.

தம்பி

மார்ச் 6

மேனேஜிங் டைரக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பட்டியலில் முதலிடம் கிடைத்ததற்கு மகிழ்ச்சி. கம்பெனியில் இருந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை.

கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனால் உனக்கு எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் ஏறும். "வாயால சொல்லாத, எழுதிக் கொடு, நேரம் மிச்சம்" என்று என்னிடமே சொன்ன ஆள்தானே நீ. எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மெக்கானிக்காக இருந்தாலும் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறும் முன் எனக்குப் போன் செய்து "ஏறுறேன்" என்பான். வேலை முடிந்ததும் "இறங்கிட்டேன்" என்பான். நான் "சரி" என்று சொல்லிவிட்டு நோட்டில் பெயருக்கு எதிரே டிக் போடுவேன். ஒரு பெயருக்கு இரண்டு கட்டம். இரண்டாவது கட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்தால் நானே கூப்பிடுவேன். இன்னொன்று, எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போவார்கள்.

நீ அந்த மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தாய். போகும்போது என் தம்பியாகப் போனவன் வரும்போது வேறு ஆளாக வந்தாய். நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நறுக்கினாய். சாப்பாட்டுக்கு ஒரு துண்டு, என்னோடு பேச ஒரு துண்டு. சுவரில் பலகை மாட்டினாய். "ரெண்டு பேர் போனா ஒருத்தன் வேலை செய்யறான், ஒருத்தன் வேடிக்கை பார்க்கிறான்" என்று ஜோடிகளைப் பிரித்து ஒற்றை ஆளாக அனுப்பினாய். அதற்கும் மேலே, கவன நேரம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஆபீசில் யாரும் போனைத் தொடக் கூடாது. ஐந்து பேருடைய போனும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள். அவனவன் தலையைக் குனிந்து தன் வேலையைப் பார்க்க வேண்டும்.

"ஏறுறவன் போன் பண்ணா?" என்று கேட்டேன். "பதினோரு மணிக்கு மொத்தமா டிக் போட்டுக்க, டிக்குக்கு என்ன அவசரம்?" என்றாய்.

நவம்பர் 13-ம் தேதி நான் டப்பாவைத் திறந்து ஒரு போனை எடுத்தேன். எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "கூடப்பிறந்தவங்கிறதுக்காகத் தனி விதி கிடையாது. கட்டுப்பாடு இல்லாதவங்கதான் இந்தக் கம்பெனியைக் கீழ இழுக்கிறாங்க." பலகையில் என் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்தாய். வாசல் பெருக்குகிறவர்கூட தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் நம் மெக்கானிக் கிரீஸ் அண்ணன் தனியாகப் போனார். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்று கையெழுத்து வேண்டுமாம். உன் பயிற்சியாளரிடம் கேள், போடுவார்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான்கு தடவை படித்தேன்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நவம்பர் 14. எட்டு ஐம்பதுக்கு அண்ணன் உனக்குப் போன் செய்து "ஏறுறேன்" என்றார். புதிதாகக் கட்டிய அலுவலகக் கட்டடம், இன்னும் யாரும் குடிவரவில்லை. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் கதவை இழுக்கும் சக்கரத்தில் அவர் வலது கை சிக்கிக்கொண்டது. கூடப் போகும் ஆள் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. இடது கையில் அந்தப் பட்டன் போன். இருட்டு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கட்டைவிரலுக்கு ஒரே ஒரு பட்டன்தான் எட்டியது. அதை அழுத்தினால் கடைசியாகப் பேசிய நம்பருக்குப் போகும். ஒன்பது இருபதிலிருந்து பத்து இருபது வரை பதினாலு முறை அழுத்தியிருக்கிறார். அப்புறம் மயங்கிவிட்டார். படிக்கட்டு துடைக்க வந்த அம்மா பத்து ஐம்பதுக்குப் பார்த்தார். மூன்று விரல் போய்விட்டது.

இது ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு டப்பா அடித்துக்கொண்டே இருந்ததா, நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அக்கா. பத்தே முக்காலுக்கு என் டைரியில் எழுதினேன்: "இன்று பதினாலு முறை அடித்தும் ஒருவர்கூட டப்பாவைத் தொடவில்லை. நாம் மாறிவிட்டோம். வெற்றி." பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு வரைந்தேன். எண்ணியிருக்கிறேன் பார், பதினாலு என்று. உள்ளே ஒரு மனுஷன் கூப்பிடுவதை நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன், கை வரவில்லை. கிழித்துவிட்டால் நான் நல்லவன் ஆகிவிடுவேனா?

உன் நோட்டையும் பார்த்தேன். நவம்பர் 14, அண்ணன் பெயர், முதல் கட்டத்தில் டிக். இரண்டாவது கட்டம் காலி.

பலகையைக் கழற்றிவிட்டேன். பழையபடி இரண்டு இரண்டு பேராகத்தான் போகிறார்கள். "ஏறுறேன்", "இறங்கிட்டேன்" எல்லாம் இப்போது எனக்கு வருகிறது. போன் அடித்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். பையன்களுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

பயிற்சியாளரைப் பற்றிக் கேட்டாயே. ஜனவரியில் அவரே கூப்பிட்டார். "சறுக்கலிலிருந்து எழுந்தது எப்படி" என்று அடுத்த முகாமில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். நான் எழுந்திருக்கவே இல்லையே சார் என்றேன். அதையும் சுவாரஸ்யமாகச் சொல்லலாம் என்றார். வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அவர் என்னைத் திட்டுவதே இல்லை. "நகம் வெட்டற வேலை மூணு கொறஞ்சுது" என்கிறார். உன்னை மட்டும் தவறாமல் விசாரிப்பார். உன் போன் ரிப்பேரைப் பற்றிக் கேட்பார்.

இருபத்தொரு நாள் இருக்கிறது. என்னைத் தண்டிக்க வேண்டுமானால் தண்டி, அந்தப் பதினொரு பேரை ஏன் சேர்த்துத் தண்டிக்கிறாய்?

தம்பி

மார்ச் 13

தம்பி,

என் போன் எப்போது ரிப்பேர் ஆனது? அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்? வார்த்தை மாறாமல் எழுது. உன் சொந்தக் கருத்து எதுவும் வேண்டாம். இன்றே எழுது.

அக்கா

மார்ச் 16

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து பயந்துவிட்டேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் காலடியில் நின்றேன். அவர் முதலில் கேட்டது விரலைப் பற்றி இல்லை. "எஞ்சினியரம்மா போனுக்கு என்னாச்சு?" என்றார்.

அவரே சொன்னார், "நீ எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்ப்பா. நீ அந்த நேரத்துல கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்ட. ஆனா எஞ்சினியரம்மா எடுத்துடும். சட்டம் கிட்டம் எதையும் பார்க்காது, எம் மணி அடிச்சா எடுத்துடும். அதான் விடாம அழுத்தினேன். இல்லாட்டி அஞ்சோட விட்டுட்டு வேற ஏதாவது வழி பார்த்திருப்பேன், கத்தியிருப்பேன். இந்தா எடுத்துடும், இந்தா எடுத்துடும்னே போயிடுச்சு."

உன்னை நான்தான் முந்தின நாள் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திக் கட்டிப்போட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ எடுக்காததற்கும் நான்தானே காரணம்? அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா போன் அன்னிக்கு ரிப்பேர்ண்ணே. மணி வெளிய கேக்கவே இல்ல."

அவர் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா? "அதானே பார்த்தேன்" என்றார். அண்ணியைக் கூப்பிட்டு, "கேட்டியா, நான் சொல்லல? போன் ரிப்பேராம்" என்றார். அதற்கு அப்புறம்தான் கஞ்சி குடித்தார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் சொன்ன பொய்யிலேயே நல்ல பொய் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் கேட்டாய்?

தம்பி

மார்ச் 19

தம்பி,

மூன்று நாளாக வகுப்பெடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கிறேன். இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

நீ என்னைக் கட்டிப்போட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. ஏழு வருடமாக நீ சொன்ன எந்த விதியை நான் மதித்திருக்கிறேன்? டப்பாவுக்குப் பூட்டுகூடக் கிடையாது. என் நாற்காலியிலிருந்து எட்டினால் கைக்கு வரும்.

டப்பாவுக்குள் ஐந்து போன் இருந்தாலும் அடிப்பது எது என்று எனக்குத் தெரியும். மேலே ஏறுகிறவர்களுக்கு மட்டும் தனி மணி வைத்திருந்தேன், உனக்கு அது தெரியாது. அன்றைக்கு வெளியே போயிருந்தவர்களில் "இறங்கிட்டேன்" சொல்லாமல் பாக்கி இருந்தது அண்ணன் ஒருவர்தான். ஒன்பது இருபதுக்கு முதல் மணி அடித்தது. இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது அடித்தது. மூன்றாவது அடித்தது. இறங்கியதைச் சொல்ல யாரும் மூன்று முறை கூப்பிட மாட்டார்கள். ஏதோ கோளாறு என்று மூன்றாவது மணியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்திருக்கத்தான் போனேன். நிமிர்ந்தால் எதிரே பலகை, என் பெயர், சிவப்புப் புள்ளி. நீ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குள் ஒரு குரூரம் வந்து உட்கார்ந்தது. அடிக்கட்டும் என்று நினைத்தேன். ஏதாவது கெட்டுப்போகட்டும். ஒரு கட்டடத்துக்காரர் நம்மை விட்டுப் போகட்டும், ஒரு பெரிய புகார் வரட்டும், அப்போதாவது இவன் மூக்கு உடையட்டும், எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். ஒவ்வொரு மணிக்கும் எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது, தம்பி. ஆள் மாட்டியிருப்பார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஏதோ உதிரிப் பாகம் கேட்கிறார், கிடைக்காமல் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நினைக்கவில்லை.

நீயாவது அது என்ன மணி என்று தெரியாமல் எண்ணினாய். நான் தெரிந்தே எண்ணினேன்.

நான் கோபத்தில் போனை அணைத்து வைத்திருப்பதாக நினைக்கிறாய். எந்த மணியையும் என்னால் கேட்க முடியவில்லை, அதுதான் காரணம். இங்கே வகுப்பு முடிந்தால் மணி அடிப்பார்கள். அதற்கு இரண்டு நிமிடம் முன்பே கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

அன்றைக்கு மறுநாளே உன்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுக் கிளம்பினேன். நான்கு மாதமாகப் பழி முழுவதும் உன்மேல். நீயும் பேசாமல் சுமந்தாய். முதல் கடிதத்தில்கூட நீட்டி முழக்கினேன், நவம்பர் 13 வந்ததும் மறுநாளைத் தொடாமல் தாண்டிவிட்டேன், கவனித்தாயா?

என் கையெழுத்துக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது? நான் போட்டால்தான் அது பொய்.

அக்கா

மார்ச் 23

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று ஆபீசைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் நடந்தேன். எங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. செருப்பு அறுந்ததும்தான் நின்றேன்.

நான்கு மாதம். தினமும் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு பல் தேய்த்தேனே, அந்த நான்கு மாதமும் நீ வாயைத் திறக்கவில்லை. "மேனேஜிங் டைரக்டர் அவர்களுக்கு" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பாவி. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன், இருக்கட்டும்.

என் குற்றம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. விதியைப் போட்டது நான், டப்பாவை வைத்தது நான், ஒற்றை ஆளாக அனுப்பியது நான். உன்னை அந்தக் கோபத்துக்குத் தள்ளியதும் நான்தான். கொஞ்சம் குறையுமா என்று தேடிப் பார்த்தேன், குறையவில்லை. இப்போது நம் இருவருக்கும் முழுசாக ஒவ்வொரு குற்றம் இருக்கிறது.

ஆனால் அவரிடம் பொய் சொன்னது என் வாய். ஒவ்வொரு ஞாயிறும் "போன் சரியாயிடுச்சா?" என்று அவர் கேட்க, நான் "ஆச்சுண்ணே" என்று சொல்ல, இனி அது முடியாது. வரும் ஞாயிறு நான் போக மாட்டேன்.

நீ போ. நீயே சொல். என்னை முன்னே தள்ளாதே, கடிதமும் கொடுத்து அனுப்பாதே. நேரில், அவர் எதிரே உட்கார்ந்து சொல். கையெழுத்துப் போடலாமா கூடாதா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம். அவர் வேண்டாம் என்றால் ஷட்டரை நானே இறக்கிவிடுகிறேன். பதினொரு பேரிடமும் நானே சொல்கிறேன்.

எட்டு நாள்.

தம்பி

மார்ச் 27

தம்பி,

நேற்றுக் காலை போய்விட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை உயிர்ப்பித்தேன். நான்கு மாதத்துக்கு அப்புறம். ஏன் என்று தெரியவில்லை, வீட்டு வழி கேட்கத் தேவைப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு நான் எத்தனை முறை போயிருக்கிறேன்!

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "எஞ்சினியரம்மா! போன் சரியாயிடுச்சாம்மா?" என்றார். முதல் வார்த்தையே அது. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

சொன்னேன். உனக்கு எழுதியதைவிட மோசமாகச் சொன்னேன், கோர்வையே இல்லை. சிவப்புப் புள்ளி, சந்தோஷமாக இருந்தது, எல்லாம்.

அவர் தன் கையைப் பார்த்தார்.

"அப்ப போன் ரிப்பேர் இல்ல."

"இல்லண்ணே."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்த."

"ஆமாண்ணே."

"பதினாலும்?"

"பதினாலும்."

எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணி என் எதிரே வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எந்திரிச்சுப் போயிடும்மா. எனக்கு இன்னும் கோவம் வரல, வர்றதுக்குள்ள போயிடு" என்றார். போயிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். உள்ளே எதையோ தேடும் சத்தம் கேட்டது.

வெளியே வரும்போது அவர் இடது கையில் அந்தப் பட்டன் போன் இருந்தது. என் எதிரே உட்கார்ந்தார். நாலடி தூரம்கூட இல்லை. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தினார். என் பைக்குள் மணி அடித்தது. அந்த மணி. காதைப் பொத்திக்கொண்டேன். அடித்து ஓய்ந்தது. அவர் மறுபடி அழுத்தினார். ஓய்ந்தது. அண்ணி, "வேணாங்க, விட்டுடுங்க" என்றார். அவர் விடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அழுத்திக்கொண்டே இருந்தார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. எண்ணுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் எடுத்துக் காதில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போனில் பேசினார்.

"எஞ்சினியரம்மா. இறங்கிட்டேன்."

"சரிண்ணே" என்றேன்.

வைத்துவிட்டார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது கையெழுத்து விஷயத்தை மட்டும் கேட்டேன். "போடறதும் போடாததும் உன்னிஷ்டம். போட்டா நாற்காலில வந்து உட்காரு. போன் உன் கையிலயே இருக்கணும்" என்றார். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை, ஆனால் வருகிறேன். தாள்களை எடுத்து வை. என் நோட்டையும் எடுத்து வை. நவம்பர் 14-க்கு நேரே அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை நீ தொடாதே. நான் வந்து போடுகிறேன்.

அக்கா